பீங்கான் பொம்மையும் தங்க நிற டிரில் பிட்டும்... விருத்தாசலம் சொல்லித்தரும் விரிசல் ரகசியம்!

விருத்தாசலத்தில் ஆசையாக வாங்கிய பீங்கான் பொம்மை, பஸ் குலுங்கிய குலுக்கலில் கழுத்து முறிந்துவிட்டது. அதே பையில் இருந்த எவர்சில்வர் டிபன் பாக்ஸுக்கு ஒரு சின்ன நசுங்கல் மட்டும்தான்.

காரணம் எளிமையானது. அடி விழுந்தால் உலோகத்தின் அணு அடுக்குகள் வழுக்கி நகர்ந்து, அதைத் தாங்கிக்கொள்ளும். பீங்கானில் அந்த வழுக்கல் கிடையாது. அதனால்தான் அவ்வளவு கடினம். அதனாலேயே, விரிசல் விட்டால் ஒரே ஓட்டமாக ஓடிவிடும்.

ஹார்டுவேர் கடையில் தங்க நிற டிரில் பிட் பார்த்திருக்கிறீர்களா? அந்த நிறம் டைட்டானியம் நைட்ரைடு. அதுவும் ஒருவகை பீங்கான்தான். வெற்றிட அறையில் எஃகின் மேல் படியவைக்கிறார்கள். தடிமன் சில மைக்ரான்கள், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிசு. கடினத்தன்மை சுமார் 20-25 கிகாபாஸ்கல்.

அடுத்த கட்டம்தான் நானோ கலவைப் படலம். சில நானோமீட்டர் அளவுள்ள பீங்கான் துகள்களுக்கு நடுவே கொஞ்சமாக உலோகம். செக் குடியரசின் யிண்ட்ரிக் மூசில் குழுவினர், சிர்கோனியம் நைட்ரைடில் மிகச் சிறிதளவு செம்பைச் சேர்த்து 40 கிகாபாஸ்கலைத் தாண்டினார்கள். மெத்தென்ற செம்பு சேர்ந்து கடினம் கூடுவதா? துகள்கள் அவ்வளவு பொடியாகும்போது உள்ளே வழுக்கல் நடக்க இடமே இருக்காது. விரிசலும் ஒவ்வொரு எல்லையிலும் திரும்பித் திரும்பிப் போயாக வேண்டும். சாம்பாருக்கு உப்பு மாதிரிதான்... உலோகம் கூடிப்போனால் படலம் மெதுவாகிவிடும்.

இதைச் சோதிக்க வைர ஊசியால் மெல்ல அழுத்தி, எவ்வளவு விசைக்கு எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்க்கிறார்கள். ஆலிவர், ஃபார் இருவரும் 1992-ல் வெளியிட்ட கணக்குமுறையே இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. படலத்தின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஊசி இறங்கினால், அடியில் இருக்கும் எஃகின் குணமும் கணக்கில் கலந்துவிடும்.

கடினம் மட்டும் போதாது, படலம் உரியாமல் ஒட்டி நிற்கவும் வேண்டும். இந்தத் தலைவலி விருத்தாசலத்துக்குப் புதிதல்ல. அகல் விளக்கோ பொம்மையோ, மேலே பூசும் கிளேஸும் ஒரு படலம்தானே! சூளையிலிருந்து எடுத்து ஆறும்போது, உள்ளே இருக்கும் மண்ணைவிட கிளேஸ் அதிகமாகச் சுருங்கினால் இழுபட்டு, மயிரிழை விரிசல் விழும். மண்ணுக்கும் கிளேஸுக்கும் சுருக்கம் பொருந்தும்படி கலவையை மாற்றித்தான் அதைச் சரிசெய்ய வேண்டும். பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே டிப்ளமோ நடத்தும் அரசுக் கல்வி நிறுவனம் உள்ள ஊர் இது.

பொம்மையின் கழுத்தை ஒட்டிவிட்டேன். உற்றுப் பார்த்தால், அதன் பாதத்தில் சிலந்தி வலைபோல மெல்லிய கோடுகள். அது பஸ் செய்த வேலை இல்லை.