சிமெண்ட்டின் அணுக் கணக்கு

சிமெண்ட்டின் குணம் மேஸ்திரிக்கு அத்துப்படி. தண்ணீர் சேர்ந்தால் இறுகும். சில நாள் நனைத்து வைத்தால் உறுதி கூடும். ஆனால் உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது விஞ்ஞானிகளுக்கே நெடுங்காலம் பிடிபடவில்லை.

2009இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ரோலான் பெலெங்க், ஃபிரான்ஸ்-ஜோசப் உல்ம் குழுவினர் அதைக் கம்ப்யூட்டருக்குள் கட்டிப் பார்த்தார்கள். டோபர்மோரைட் என்ற ஒழுங்கான கனிமத்தின் அமைப்பை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து சிலிக்கா துணுக்குகளை அங்கங்கே பிய்த்தெடுத்து, காலியிடங்களில் நீர் மூலக்கூறுகளைப் புகவிட்டார்கள். அடுக்கு குலைந்தது. ஆனால் அடர்த்தி (கன செ.மீ.க்கு 2.6 கிராம்) நிஜ சிமெண்ட் பசையுடன் ஒத்துப்போயிற்று. ஒழுங்கீனம்தான் சிமெண்ட்டின் இயல்பு!

இறுகிய பசையில் கால்சியம்-சிலிக்கன் விகிதம் சராசரியாக 1.7. அதை 1.5 ஆக்கினால் விரிசலை இன்னும் நன்றாகத் தாங்கும் என்று 2014இல் கண்டார்கள்.

சின்ன வித்தியாசம்தான். ஆனால் கால்சியம் வருவது சுண்ணாம்புக்கல்லிலிருந்து. சூளையில் எரிபொருள் மட்டுமல்ல, அந்தக் கல்லே கரியமில வாயுவைக் கக்குகிறது. சிமெண்ட் உற்பத்தியில் உலகில் இரண்டாம் இடத்திலுள்ள இந்தியாவுக்கு இது பெரிய விஷயம்.

கம்ப்யூட்டரில் நிற்கும் சில நூறு அணுக்கள் பாலத்தைத் தாங்கிவிடாது. வெயிலிலும் மழையிலும் சோதித்தாக வேண்டும். ஆனால் எந்தக் கலவையைச் சோதிப்பது என்று இனி குருட்டாம்போக்கில் தேட வேண்டியதில்லை.