திருடன் தெரிகிறான்... முகம்தான் தெரியவில்லை!

எங்கள் தெருக்கோடி வீட்டு அக்காவின் ஸ்கூட்டர் போன ஆடியில் ஒரு விடியற்காலை காணாமல் போனது. "நல்லவேளை, கேமரா இருக்கு" என்று எல்லோரும் டிவி முன்னால் கூடினோம். மணி 3.12. ஒருவன் கேட்டைத் திறக்கிறான், குனிகிறான், வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறான். எதிர்வீட்டுத் தென்னை மரம், மூன்றாவது வீட்டு வாசலில் படுத்திருந்த நாய்... எல்லாம் பதிவாகியிருந்தது. அவன் முகம் மட்டும் சுண்டைக்காய் அளவில் ஒரு வெள்ளைத் திட்டு. ஸ்டேஷனில் பார்த்தவரும், "ஆள் வந்தது தெரியுதும்மா, யாருன்னு தெரியலையே" என்று சொல்லிவிட்டார்.

கேமரா மட்டமானது இல்லை. 2 மெகாபிக்சல், வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. கோளாறு லென்ஸ் தேர்வில். பொருத்த வந்த தம்பி, "இதைப் போட்டா தெருவே தெரியும்க்கா" என்று 2.8 மி.மீ. லென்ஸ் உள்ளதை மாட்டிவிட்டுப் போயிருந்தார். அவர் சொன்னது பொய்யில்லை. தெருவே தெரிந்தது!

கேமரா பெட்டியின் மேல் 2.8, 4, 6, 12 என்று ஒரு மி.மீ. கணக்கு இருக்கும். எண் சின்னதாக இருந்தால் பார்வை அகலம், ஆனால் படத்தில் ஆள் சின்னதாகிவிடுவார். எண் பெரிதானால் பார்வை குறுகும், ஆள் பெரிதாகத் தெரிவார். வீட்டுக் கேமராக்களில் 2.8 மி.மீ. ஏறக்குறைய 100 டிகிரிக்கு மேல் பார்க்கும், 6 மி.மீ. அதில் பாதிதான். உள்ளே இருக்கும் சென்சாரைப் பொறுத்து இது கொஞ்சம் முன்னே பின்னே மாறும்.

முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காட்ட, அவர் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளிகளாவது படத்தில் விழ வேண்டும் என்றது கண்காணிப்புக் கேமராக்களுக்கான 2015-ஆம் ஆண்டு ஐரோப்பியத் தரவிதி. ஏற்கெனவே தெரிந்தவர் என்றால் 125 போதும். 2 மெகாபிக்சல் படத்தின் அகலம் 1,920 புள்ளிகள். வகுத்துப் பார்த்தால், கேட் இருக்கும் இடத்தில் உங்கள் கேமரா சுமார் 25 அடி அகலத்துக்கு மேல் காட்டினால், புது ஆளின் முகம் கிடைக்காது. 4 மெகாபிக்சல் என்றால் 33 அடி வரை போகலாம். இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனால் உங்கள் வீட்டுக் கணக்கு ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அக்கா வீட்டில் கேமராவுக்கும் கேட்டுக்கும் 7 மீட்டர் தூரம். 2.8 மி.மீ. லென்ஸில் அங்கே நிற்பவரின் முக அகலத்துக்கு 20 புள்ளிகூடத் தேறாது. அதே இடத்துக்கு 6 மி.மீ. சரியாக இருந்திருக்கும். போர்டிகோ, ஹால், மாடிப்படி போன்ற கிட்டத்து இடங்களுக்கு 2.8 தாராளமாகப் போதும். கேட் தூரம் முடிவாகவில்லை என்றால், 2.8 முதல் 12 மி.மீ. வரை திருகி மாற்றிக்கொள்ளும் வேரிஃபோக்கல் வகையை வாங்கலாம். விலை கூடுதல்தான், ஆனால் கேட்டைப் பார்க்கும் ஒரே ஒரு கேமராவுக்கு மட்டும் அந்தச் செலவு தகும் என்பேன். ஒரு விஷயம்: அதன் ஃபோகஸை இரவிலும் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். பகலில் பளிச்சென்று இருப்பது, இரவு அகச்சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் மங்கிப்போவது உண்டு.

எஃப் என்று ஒரு எண்ணும் போட்டிருப்பார்கள். அது சின்னதாக இருந்தால் நல்லது. எஃப் 1.0 லென்ஸ், எஃப் 2.0-வைவிட நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். தெருவிளக்கு சரியாக எரியாத பகுதிக்காரர்கள் இதைக் கவனியுங்கள்.

இனி பராமரிப்பு. இதில் முதல் எதிரி திருடன் இல்லை, சிலந்தி! கேமராவின் வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். லென்ஸ் முன்னால் ஒரே ஒரு இழை தொங்கினாலும் இரவில் அது வெள்ளைக் கயிறு மாதிரி ஆடும். போனுக்கு ராத்திரி முழுக்க அலெர்ட் வந்துகொண்டே இருக்கும். நாமும் சலித்துப்போய் அதை அணைத்துவிடுவோம். அங்கேதான் ஆபத்து. வாரம் ஒருமுறை நீளமான ஒட்டடைக் குச்சியால் கேமராவைச் சுற்றி மென்மையாகத் தட்டிவிடுங்கள். கண்ணாடி மேல் படாமல்.

கண்ணாடியைத் துடைக்கப் புடவைத் தலைப்பு வேண்டாம். தூசியோடு தேய்த்தால் கீறல் விழும். முதலில் பிளோயர் பந்தால் தூசியை ஊதிவிட்டு, மூக்குக்கண்ணாடி துடைக்கும் மைக்ரோஃபைபர் துணியில் இரண்டு சொட்டு லென்ஸ் திரவம் விட்டு, வட்டமாகத் துடையுங்கள். திரவத்தை நேரே கேமரா மேல் அடிக்கக் கூடாது. ஜன்னல் துடைக்கும் ஸ்பிரேயும் பிளாஸ்டிக் மூடிக்கு ஆகாது. கடலோரத்து வீடுகளில் உப்புப் படலம் சீக்கிரம் படியும். அங்கே மாதம் ஒருமுறையாவது துடைக்க வேண்டும். ஏணியில் ஏறுவதற்கு முன் கீழே பிடித்துக்கொள்ள ஓர் ஆள் இருக்கட்டும்.

அரைவட்ட மூடி போட்ட டோம் கேமராவில் ஒரு கைரேகை பட்டாலே போதும், இரவுப் படம் புகை மூட்டமாகிவிடும். துடைத்த பிறகும் அப்படியே இருந்தால், உள்ளே லென்ஸைச் சுற்றியுள்ள கறுப்பு ஃபோம் வளையம் நகர்ந்திருக்கலாம். பகலிலேயே செடி, புல்லெல்லாம் ரோஸ் நிறத்தில் தெரிந்தால், உள்ளிருக்கும் அகச்சிவப்புத் தடுப்பு ஃபில்டர் சிக்கியிருக்கக்கூடும். மாலையில் கேமரா 'டிக்' என்று சத்தம் போடுமே, அதுதான் இந்த ஃபில்டர் நகரும் சத்தம். மழைக்காலத்தில் மூடியின் உட்புறம் வியர்த்திருந்தால் ஈரம் புகுந்துவிட்டது என்று அர்த்தம். இது மூன்றும் மெக்கானிக் வேலை.

சோதனை ஒன்று பாக்கி. இரவு 10 மணிக்கு வீட்டில் ஒருவரைத் தொப்பி போட்டுக்கொண்டு கேட்டருகே நடக்கச் சொல்லுங்கள். போனில் நேரலையாகத் தெரிவது பெரும்பாலும் தரம் குறைத்த படம். அதனால் ரெக்கார்டரில் பதிவானதைப் போட்டுப் பாருங்கள். உச்சந்தலை மட்டும் தெரிந்தால் கேமரா அதிக உயரத்தில் இருக்கிறது. 8, 9 அடிக்கு இறக்கலாம்.

அக்கா பழைய கேமராவைக் கழற்றவில்லை. அது தெருவைப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டு, கேட்டுக்கென்று 6 மி.மீ. ஒன்றைத் தனியாக மாட்டியிருக்கிறார். வண்டி இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் போன வாரம் மாமா ராத்திரி பதினொன்றரைக்கு ரகசியமாக பரோட்டா பார்சல் வாங்கிவந்தது, பையிலிருந்த கடைப் பெயர் வரை தெளிவாகப் பதிவாகியிருந்ததாம்!