பிளக்-இன் ஹைப்ரிட்: ஒரு கார், இரண்டு தூரங்கள்

பிளக்-இன் ஹைப்ரிட் காரின் ஓடுதூரத்தை ஒரே எண்ணில் சொல்லிவிட முடியாது. பேட்டரியில் ஏற்றிய மின்சாரத்தில் மட்டும் ஓடும் தூரம் ஒன்று. அது தீர்ந்தபின் பெட்ரோல் இன்ஜின் துணையோடு டேங்க் காலியாகும்வரை ஓடும் மொத்தத் தூரம் இன்னொன்று. அளவில் பெரியது இரண்டாவது. ஆனால் காரின் பயனைத் தீர்மானிப்பது முதலாவதுதான்.

2010 டிசம்பரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஷெவர்லே வோல்ட் இதற்கு நல்ல சான்று. அமெரிக்காவில் வேலைக்குக் காரில் போய்வருபவர்களில் பெரும்பாலோர் ஒரு நாளில் ஓட்டுவது 40 மைலுக்குள், அதாவது 64 கிலோமீட்டருக்குள் என்பது ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கணக்கு. அந்தத் தூரம் முழுவதையும் பெட்ரோல் இல்லாமல் ஓட்டிவிட வேண்டும் என்ற இலக்கோடு வோல்ட் வடிவமைக்கப்பட்டது. அரசின் சோதனையில் அதற்குக் கிடைத்தது 56 கிலோமீட்டர். பெட்ரோலும் சேர்த்து 610 கிலோமீட்டர். அதன் பேட்டரியின் கொள்ளளவு 16 கிலோவாட் மணி, அதாவது 16 யூனிட். ஓட்டத்துக்குப் பயன்பட்டது அதில் சுமார் 10 யூனிட் மட்டுமே. முழுதாக நிரப்புவதும் அடியோடு தீர்ப்பதும் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும் என்பதால் மிச்சம் தொடப்படாமல் விடப்பட்டது. 2016 மாடலில் பேட்டரி 18.4 யூனிட்டானது, மின்தூரம் 85 கிலோமீட்டராக உயர்ந்தது. மொத்தத் தூரமோ 676 கிலோமீட்டர்தான். மின்தூரம் பாதிக்கு மேல் கூடியும் மொத்தத்தில் பெரிய மாற்றமில்லை, ஏனெனில் அதை முடிவு செய்வது பெட்ரோல் டேங்க்.

டொயோட்டா சிறிய பேட்டரியோடு தொடங்கியது. 2012 பிரியஸ் பிளக்-இன் காரில் இருந்தது 4.4 யூனிட், மின்தூரம் ஏறத்தாழ 18 கிலோமீட்டர். ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதித்தால் அதற்குள்ளேயே இன்ஜின் உயிர்பெற்றுவிடும். 2023 பிரியஸ் பிரைம் 13.6 யூனிட்டில் சுமார் 71 கிலோமீட்டர் ஓடுகிறது.

சோதனையில் கிடைத்த தூரம் சாலையில் அப்படியே கிடைப்பதில்லை. வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதனால் நெடுஞ்சாலையில் மின்சாரம் விரைவில் தீரும். நகரத்தில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஆற்றலின் ஒரு பகுதி பேட்டரிக்குத் திரும்புவதால் நெரிசல் அவ்வளவாகப் பாதிப்பதில்லை. குளிர்நாடுகளில் ஹீட்டர் பெரிய செலவு. பெட்ரோல் காரில் இன்ஜினின் வீண்சூடே உள்ளே வெப்பம் தரும். மின்சாரத்தில் ஓடும்போது அதையும் பேட்டரியே தர வேண்டும். கடும் குளிரில் முதல் தலைமுறை வோல்ட்டின் இன்ஜின், பேட்டரி நிறைந்திருக்கும்போதும் தானாக இயங்கத் தொடங்கும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய இடைவெளி ஓட்டுநரின் பழக்கத்தால் வருகிறது. ஐரோப்பாவில் 2021-இல் பதிவான கார்களின் எரிபொருள் அளவிகள் காட்டியதை ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் வெளியிட்டது. பிளக்-இன் ஹைப்ரிட்களின் உண்மையான கரியமில வாயு வெளியேற்றம் சான்றிதழில் உள்ளதைப்போல் சராசரியாக மூன்றரை மடங்கு. ஓட்டத்தின் பெரும்பகுதி மின்சாரத்தில் நடக்கும் என்று சோதனைமுறை எடுத்துக்கொண்டதே காரணம். சொந்தக் கார்களில் ஓட்டத்தின் ஏறக்குறைய பாதிதான் மின்சாரத்தில் நடக்கிறது என்றும், நிறுவனம் ஊழியருக்குத் தரும் கார்களில் 11 முதல் 15 சதவீதம் மட்டுமே என்றும் 2022-இல் ஓர் ஆய்வு கண்டறிந்தது. பெட்ரோல் செலவை நிறுவனம் ஏற்கும்போது, வீட்டு மின்சாரத்தில் சார்ஜ் போட ஊழியருக்கு என்ன அவசியம்? இந்தப் பழுது இயந்திரத்தில் இல்லை, கணக்கில் இருந்தது. 60 கிலோமீட்டர் மின்தூரம் உள்ள கார் மின்சாரத்தில் ஓடும் பங்கு 80 சதவீதத்துக்கு மேல் என்றிருந்த ஊகத்தை 2025 முதல் சுமார் 54 சதவீதமாக ஐரோப்பா குறைத்தது சரியான திருத்தம்.

சார்ஜ் போடாத பிளக்-இன் ஹைப்ரிட் பேட்டரியை வெறும் சுமையாகத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. வோல்ட்டில் அந்தச் சுமை சுமார் 200 கிலோ. தவறாமல் சார்ஜ் போடுபவருக்கோ நேர்மாறான நிலை: டேங்க்கில் பெட்ரோல் ஓராண்டுக்கு மேல் பழையதாகிவிட்டால், கெட்டுப்போகும் முன் அதை எரித்துத் தீர்க்க வோல்ட் தானாகவே இன்ஜினை ஓட்டும்.

ஆகவே வாங்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது தம் அன்றாட ஓட்டத்தை. அதைவிட மின்தூரம் சற்றுக் கூடுதலாக இருந்து, இரவில் கார் நிற்கும் இடத்தில் மின் இணைப்பும் இருந்தால், பிளக்-இன் ஹைப்ரிட் கொடுத்த விலைக்குப் பயன் தரும். மின் இணைப்புக்கு வழியில்லாதவருக்குச் சாதாரண ஹைப்ரிட்டே போதும்.