காண்பியக் கலைஞரிடம் பணி ஒப்படைத்தலும் எழுத்துவழி உடன்படிக்கையும்: இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

ஓவியர், சிற்பி, ஒளிப்படக் கலைஞர் முதலிய காண்பியக் கலைஞர்களுக்கும் அவர்களிடம் பணியை ஒப்படைப்போருக்கும் இடையிலான ஏற்பாடு பல வேளைகளில் வாய்மொழி அளவிலேயே நின்றுவிடுகிறது. எழுத்து இல்லாதபோது உரிமை யாரைச் சாரும் என்பதைச் சட்டமே முடிவு செய்கிறது. அம்முடிவு கலைவடிவத்திற்கேற்ப வேறுபடுகிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 17, 19, 53-அ, 57 ஆகிய பிரிவுகளையும் டில்லி உயர்நீதிமன்றத்தின் இரு தீர்ப்புகளையும் கொண்டு, உடன்படிக்கையில் இடம்பெற வேண்டியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: காண்பியக் கலை, பதிப்புரிமை, முதல் உரிமையாளர், ஆசிரியரின் சிறப்புரிமை, மறுவிற்பனைப் பங்கு, உடன்படிக்கை.

முன்னுரை

நூலுக்கு அட்டை ஓவியம், கருத்தரங்கிற்கு இலச்சினை, வளாகத்தில் நிறுவச் சிலை, விழாவிற்கு ஒளிப்படம் எனக் கல்வி நிறுவனங்கள் கலைஞரை நாடும் சூழல்கள் பலவாகும். இத்தகைய வேளைகளில் தொகையும் நாளும் பேசப்படுகின்றன; உரிமை பேசப்படுவதில்லை. பின்னாளில் அவ்வோவியம் நாட்காட்டியிலோ மறுபதிப்பிலோ இடம்பெறும்போது இருதரப்பினரும் தத்தமக்கே உரிமை உண்டு எனக் கருதுகின்றனர். இச்சிக்கலைத் தீர்க்கும் வழி, பணி தொடங்குமுன் எழுதப்படும் உடன்படிக்கையே என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

1. முதல் உரிமையாளர் யார்?

படைத்தவரே பதிப்புரிமையின் முதல் உரிமையாளர் என்பது பிரிவு 17 கூறும் பொதுவிதி. இதற்கு விலக்குகள் உண்டு. ஒருவருடைய வேண்டுகோளின்பேரில், கைம்மாறு பெற்றுக்கொண்டு எடுக்கப்படும் ஒளிப்படம், வரையப்படும் ஓவியம் அல்லது உருவப்படம், செய்யப்படும் செதுக்கோவியம் ஆகியவற்றில், மாறான உடன்பாடு இல்லாதவிடத்து, வேண்டியவரே முதல் உரிமையாளர் ஆகிறார். சிற்பம் இப்பட்டியலில் இடம்பெறவில்லை. எனவே ஒரே கல்லூரி ஓர் ஓவியத்தையும் ஒரு சிலையையும் ஊதியம் தந்து செய்வித்து, எதையும் எழுதாமல் விட்டால், ஓவியத்தின் பதிப்புரிமை கல்லூரிக்கும் சிலையின் பதிப்புரிமை சிற்பிக்கும் உரியதாகலாம். கல்லூரி அரசினுடையதாயின் அரசுப் படைப்புக்குரிய தனிவிதியையும் கருத வேண்டும். கணினிவழி வடிவமைப்பும் பட்டியலில் பெயர் சுட்டப்படாமையால் வழக்கிற்கு இடம் தருகிறது. நிறுவனத்தில் பணிபுரியும் கலைஞர் தம் பணியின்போது படைப்பவற்றின் உரிமை, மாறான உடன்பாடு இல்லையெனில், நிறுவனத்தைச் சாரும்.

இவ்விதியின் விளைவு பதிப்புரிமையோடு நின்றுவிடுவதில்லை. ஓவியம், சிற்பம், வரைபடம் ஆகியவற்றின் மூலப்படி 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும்போது, அத்தொகையில் பங்கு பெறும் உரிமையைப் பிரிவு 53-அ கலைஞருக்கு வழங்குகிறது. அப்பங்கு 10 விழுக்காட்டை மிகாது. ஆயின், பிரிவு 17இன்படி முதல் உரிமையாளராக இருந்த கலைஞருக்கே இவ்வுரிமை உண்டு. ஊதியம் பெற்று எழுத்தின்றி ஓவியம் வரைந்தவர், பதிப்புரிமையோடு மறுவிற்பனைப் பங்கையும் தாம் அறியாமலே இழக்க நேரிடுகிறது.

2. உரிமை மாற்றத்தின் எல்லை

பணியை ஒப்படைத்தவருக்கும் எழுத்தின்மையால் இழப்பு உண்டு. பிரிவு 19இன்படி உரிமை மாற்றம் எழுத்தில் அமைந்து, மாற்றுபவரின் கையொப்பம் பெற்றிருத்தல் வேண்டும். காலம் குறிக்கப்படாவிடின் அது 5 ஆண்டுகளுக்கே செல்லும். நிலப்பரப்பு குறிக்கப்படாவிடின் இந்தியாவிற்குள் மட்டுமே செல்லும். பெற்ற உரிமையை ஓராண்டிற்குள் பயன்படுத்தாவிடின், மாறாகக் குறிக்கப்பட்டிருந்தாலன்றி, அது காலாவதியாகிறது. சிற்பியிடமிருந்து உரிமை பெற்றதாகக் கருதும் நிறுவனம், அச்சிலையின் படத்தை 6ஆம் ஆண்டில் வெளிநாட்டுப் பதிப்பொன்றின் அட்டையில் பயன்படுத்துமுன் இவ்வரையறைகளைக் கருதுதல் வேண்டும்.

3. ஆசிரியரின் சிறப்புரிமை

பதிப்புரிமை கைமாறிய பின்னரும் கலைஞரிடம் எஞ்சி நிற்பது பிரிவு 57 தரும் சிறப்புரிமையாகும். படைப்பு தம்முடையது என உரிமை கோரவும், தம் மதிப்பிற்கோ புகழுக்கோ ஊறு விளைவிக்கும் சிதைவையும் மாற்றத்தையும் தடுக்கவும் அது இடமளிக்கிறது. படைப்பைக் காட்சிக்கு வைக்காமை மட்டும் இவ்வுரிமையை மீறியதாகாது என்றும் சட்டம் தெளிவுறுத்துகிறது.

இவ்வுரிமையின் வலிமையை அமர்நாத் சேகல் வழக்கு காட்டுகிறது. டில்லி விஞ்ஞான் பவனுக்காக இந்திய அரசு 1957இல் அவரிடம் பணி ஒப்படைத்தது. ஏறத்தாழ 140 அடி நீளமும் 40 அடி உயரமும் கொண்ட வெண்கலச் சுவர்ச்சிற்பம் 1962இல் நிறுவப்பட்டது. 1979இல் கலைஞருக்கு அறிவிக்காமலே அது கழற்றப்பட்டுக் கிடங்கில் போடப்பட்டது. அவர் 1992இல் வழக்குத் தொடுத்தார். 2005இல் தீர்ப்பளித்த நீதிமன்றம், அழித்தலைச் சிதைத்தலின் உச்சவடிவமாகக் கருதியது. சிற்பத்தின் எச்சங்களை அவரிடமே ஒப்படைக்கவும் 5 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது.

எனினும் இத்தீர்ப்பை எல்லாப் படைப்புகளுக்கும் பொருத்துதல் இயலாது. பிரகதி மைதானத்தில் 1972இல் எழுந்த தேசங்களின் அரங்கம் 2017இல் இடிக்கப்பட்டது. அதன் கட்டடக் கலைஞர் ராஜ் ரேவல் தொடுத்த வழக்கில், கட்டடத்தை முற்றிலும் இடிப்பதைப் பிரிவு 57இன்கீழ்த் தடுக்க இயலாது என அதே நீதிமன்றம் 2019இல் முடிவு செய்தது. கட்டடத்தோடு பிணைந்த சுவரோவியத்தின் நிலை இவ்விரு தீர்ப்புகளுக்கும் இடைப்பட்டதாகும். அதன் பாதுகாப்பை உடன்படிக்கையில் எழுதிவைத்தலே நம்பத்தக்க வழி.

4. உடன்படிக்கையில் இடம்பெற வேண்டியவை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பின்வருவன பெறப்படுகின்றன.

அ) படைப்பின் தன்மை, அளவு, ஊடகம், முடிக்கவேண்டிய நாள், மாதிரி வரைவுக்குப்பின் ஊதியமின்றிச் செய்து தரப்படும் திருத்தங்களின் எண்ணிக்கை.

ஆ) முன்பணம், வரைவு ஏற்கப்பட்டதும் தரும் தொகை, நிறைவுத்தொகை, பணி இடையில் கைவிடப்படின் அதுவரையிலான உழைப்பிற்கும் பொருட்செலவிற்கும் தரும் ஈடு.

இ) மூலப்படியின் உடைமை யாருக்கு, பதிப்புரிமை யாருக்கு என்பதைத் தனித்தனியே குறித்தல், பயன்பாடு, காலம், நிலப்பரப்பு ஆகியவற்றின் வரையறை.

ஈ) கலைஞரின் பெயர் இடம்பெறும் இடமும் முறையும்.

உ) நிலையாக நிறுவப்படும் படைப்பாயின் பராமரிப்புப் பொறுப்பு, அகற்றுமுன் அறிவிப்பதற்கான கால அளவு, அதனைத் திரும்பப் பெறக் கலைஞருக்கு முதல் வாய்ப்பு.

இவையனைத்தும் ஒரு பக்க அளவில் அடங்கக்கூடியவை. நெடுங்கால நட்புடையோரிடமும் இதனை எழுதிக்கொள்ளுதல் நன்று. பொறுப்பாளர்கள் மாறிச் செல்லும் நிறுவனங்களில், வாய்மொழி வாக்குறுதியை நினைவில் கொண்டோர் சில ஆண்டுகளில் அங்கு இல்லாது போவர்.

முடிவுரை

எழுத்தின்மை ஓவியருக்குப் பதிப்புரிமை இழப்பையும், நிறுவனத்திற்குப் பயன்பாட்டு எல்லை குறித்த ஐயத்தையும் விளைவிக்கிறது. சேகல் வழக்கில் தீர்ப்புப் பெற 13 ஆண்டுகள் ஆயின. வென்றபோதும் சிற்பம் பழைய நிலையில் மீளவில்லை. அகற்றுமுன் அறிவித்துத் திரும்பப் பெற வாய்ப்பளிக்கும் விதி எழுதப்பட்டுப் பின்பற்றப்பட்டிருப்பின் அவ்விழப்பைத் தவிர்த்திருக்க இயலும். நூல்களையும் மலர்களையும் வெளியிடும் பல்கலைக்கழகத் துறைகள் இத்தகைய மாதிரிப் படிவமொன்றை உருவாக்கி வழக்கப்படுத்துதல், கலைஞரின் உரிமையையும் நிறுவனத்தின் நலனையும் ஒருங்கே காக்கும்.