தொழிலகப் பொறியியல் பட்டம்: பாடங்களை வரிசைப்படுத்தும் திட்டம்

ஒரு நாட்டின் திட்டத்தில் இலக்கு, வளம், காலம் என்னும் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தவேண்டும். இவற்றுள் ஒன்று பிசகினாலும் மற்ற இரண்டும் பயன் தருவதில்லை. நான்கு ஆண்டுப் பட்டப் படிப்பிற்கும் இது பொருந்தும். ஆயினும் கல்லூரியில் சேரும் மாணவர்களுள் பெரும்பாலோர், அந்தந்தப் பருவத்தில் கிடைக்கும் பாடங்களை அந்தந்தப் பருவத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றே எண்ணுகின்றனர். தொழிலகப் பொறியியல் பயிலும் மாணவருக்கு இந்த எண்ணம் சற்றும் பொருந்தாது. ஆள், இயந்திரம், பொருள், பணம், நேரம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் கலையே அவர் கற்கும் துறை. அத்துறையின் முறைகளைக் கொண்டே அவர் தமது படிப்பைத் திட்டமிட இயலும் என்பதைப் பெங்களூரு நகரின் சூழலை முன்வைத்து விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

பெங்களூருவும் தொழிலகப் பொறியியலும்

மைசூர் சமஸ்தானத்தின் திவானாக 1912 முதல் 1918 வரை பணியாற்றிய சர் மோ. விசுவேசுவரையாவின் முயற்சியால் 1917-ஆம் ஆண்டில் பெங்களூருவில் பொறியியல் கல்லூரி தோன்றியது. இந்தியாவுக்குத் திட்டமிட்ட பொருளாதாரம் தேவை என்பதை வலியுறுத்தி 1934-இல் நூல் எழுதியவரும் அவரே. பின்னர் இந்நகரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸின் முன்னோடி நிறுவனம் 1940-லும், இந்தியத் தொலைபேசித் தொழிலகம் 1948-லும், இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் 1953-லும், பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1954-லும் எழுந்தன. பெரிய ஆலைகள் பெருகியபோது, இயந்திரத்தை வடிவமைப்பவர் மட்டும் போதாது, ஆலை முழுவதன் இயக்கத்தையும் ஒரே அமைப்பாகக் காண்பவரும் வேண்டும் என்பது தெளிவாயிற்று.

நாடளவிலும் இதே உணர்வு வலுப்பெற்றது. 1957-இல் இந்தியத் தொழிலகப் பொறியியல் கழகமும், 1958-இல் தேசிய உற்பத்தித்திறன் குழுவும் நிறுவப்பட்டன. மும்பையில் 1963-இல் தொடங்கப்பட்ட தேசியத் தொழிலகப் பொறியியல் பயிற்சி நிறுவனம் 2023-இல் இந்திய மேலாண்மைக் கழகமாக மாற்றம் பெற்றது. இன்று பெங்களூருவில் ஆர்.வி., எம்.எஸ். ராமையா, பி.எம்.எஸ். ஆகிய கல்லூரிகளில் தொழிலகப் பொறியியலும் மேலாண்மையும் இணைந்த இளநிலைப் பட்டப் படிப்பு நடைபெறுகிறது. ஓசூர், கிருஷ்ணகிரி முதலிய அண்டைப் பகுதிகளின் தமிழ் மாணவர்களுக்கும் இவை எட்டும் தொலைவில் உள்ளன.

படிப்பின் அளவு

திட்டமிடுபவர் முதலில் அறியவேண்டியது வேலையின் அளவு. கிரெடிட் எனப்படும் மதிப்பலகே இங்கு அளவுகோல். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2018-இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டத்தின்படி, இளநிலைப் பொறியியல் பட்டத்திற்கு 160 மதிப்பலகுகள் வேண்டும். வாரத்திற்கு ஒரு மணி நேர விரிவுரைக்கு ஒரு மதிப்பலகு. இரண்டு மணி நேரச் செய்முறைக்கு ஒரு மதிப்பலகு. எட்டுப் பருவங்களுக்குப் பகிர்ந்தால், பருவத்திற்குச் சராசரி 20.

வகுப்பில் அமரும் நேரம் மட்டுமே உழைப்பு ஆகாது. 2023-இல் வெளியான தேசிய மதிப்பலகுக் கட்டமைப்பு, வகுப்பு, செய்முறை, தனிப் பயிற்சி அனைத்தையும் சேர்த்து ஆண்டுக்கு 1,200 மணி நேரக் கற்றலை 40 மதிப்பலகுகளாகக் கணக்கிடுகிறது. அதாவது ஒரு மதிப்பலகுக்கு 30 மணி. எனவே 20 மதிப்பலகு கொண்ட பருவத்திற்கு 600 மணி நேர உழைப்பு தேவை. பருவம் 16 வாரம் எனக் கொண்டால், வாரத்திற்கு 37.5 மணி. பழைய பாடம் ஒன்றைத் திரும்ப எழுதுவதற்காக மேலும் 4 மதிப்பலகுகளைச் சுமப்பவர் வாரத்திற்கு 45 மணி உழைக்கவேண்டும். ஆலையில் ஆள் திறனைக் கணக்கிடாமல் ஆர்டர் வாங்கும் மேலாளரைக் குறை கூறுவோர், தம் உழைப்பின் அளவையும் இவ்வாறு கணக்கிட்டுக்கொள்வது முறை.

அடிப்படைக் கணிதம் ஏன்?

தொழிலகப் பொறியியல் மேலாண்மையை ஒத்தது, ஆதலால் கணிதச் சுமை குறைவு என்ற கருத்து மாணவரிடையே பரவலாக உண்டு. இது சரியன்று. ஓர் எளிய எடுத்துக்காட்டைக் காண்போம்.

ஒரு பட்டறைக்கு ஆண்டுக்கு 3,600 தாங்கிகள் தேவை. ஒவ்வொரு முறை கொள்முதல் ஆணை அனுப்பும்போதும் 200 ரூபாய் செலவு. ஒரு தாங்கியை ஓராண்டு இருப்பில் வைத்திருக்க 4 ரூபாய் செலவு. ஒரு முறைக்கு எத்தனை வாங்குவது? 300 வீதம் வாங்கினால் 12 ஆணைகளுக்கு 2,400 ரூபாய், சராசரி இருப்பு 150-க்கு 600 ரூபாய், மொத்தம் 3,000. 1,200 வீதம் வாங்கினால் ஆணைச் செலவு 600, இருப்புச் செலவு 2,400. அப்போதும் மொத்தம் 3,000. 600 வீதம் வாங்கினால் ஆணைச் செலவு 1,200, இருப்புச் செலவு 1,200. மொத்தம் 2,400 மட்டுமே. மிகக் குறைந்த செலவு இதுவே. 1913-இல் ஃபோர்டு ஹாரிஸ் என்பவர் வெளியிட்ட இச்சூத்திரம், முதற்பருவத்தில் கற்பிக்கப்படும் வகை நுண்கணிதத்தின் நேரடிப் பயன் ஆகும். அதனை மதிப்பெண்ணுக்காக மட்டும் மனனம் செய்தவருக்குப் பிற்காலத்தில் சூத்திரம் நினைவிருக்கும். தேவையும் விலையும் மாறும்போது அதனை எவ்வாறு திருத்துவது என்பது தெரியாது.

மூன்று தொடர்கள்

பாடங்களுள் சில, பிறவற்றுக்கு முன்தேவையாக அமைகின்றன. ஒரு கட்டுமானத்தில் அடித்தளம், சுவர், கூரை என்னும் வரிசை இருப்பதுபோல் இங்கும் வரிசை உண்டு. 1950-களின் இறுதியில் டூபாண்ட் நிறுவனமும் அமெரிக்கக் கடற்படையும் பெருந்திட்டங்களுக்காக வலையமைப்பு முறைகளை உருவாக்கின. ஒரு திட்டத்தின் பணிகளுள் மிக நீண்ட தொடரைக் கண்டறிந்து, அதனை நெருக்கடிப் பாதை என்றனர். அப்பாதையில் ஒரு பணி தாமதமானால் திட்டம் முழுவதும் தாமதமாகும். மற்றப் பாதைகளில் சிறிது காலத் தளர்வு உண்டு.

பட்டப் படிப்பை இம்முறையில் வரைந்து பார்க்கலாம். கீழ்க்காண்பது ஒரு மாதிரியே. கல்லூரிதோறும் வரிசை சற்று மாறுபடும். ஏழாம் பருவத்தில் செயல்திட்டப் பணி தொடங்குகிறது, அதற்கு முன் ஆறு பருவங்கள் உள்ளன எனக் கொள்வோம்.

முதல் தொடர் கணிதம் சார்ந்தது. கணிதம் ஒன்று, கணிதம் இரண்டு, நிகழ்தகவும் புள்ளியியலும், செயலாய்வு, உற்பத்தித் திட்டமிடல், கணினி வழி உருவகப்படுத்தல் என ஆறு பாடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஆறு பருவங்களும் நிரம்பிவிடுகின்றன. தளர்வு ஏதுமில்லை, இதுவே நெருக்கடிப் பாதை.

இரண்டாம் தொடர் பட்டறை சார்ந்தது. பொறியியல் வரைபடம், உற்பத்தி முறைகள், பணி ஆய்வு, ஆலை அமைவு என நான்கு பாடங்கள். இரண்டு பருவத் தளர்வு உண்டு.

மூன்றாம் தொடர் பொருளியல் சார்ந்தது. பொருளியல் அடிப்படை, செலவுக் கணக்கு, பொறியியல் பொருளாதாரம் என மூன்று பாடங்கள். மூன்று பருவத் தளர்வு உண்டு.

இவ்வரைபடம் உணர்த்தும் செய்தி ஒன்றே. எல்லாப் பாடங்களுக்கும் மதிப்பலகு ஏறத்தாழ ஒன்றாயினும், தாமதத்தால் விளையும் இழப்பு ஒன்றன்று. பொருளியல் பாடத்தை ஒரு பருவம் தள்ளிப் படித்தால் பாதகமில்லை. கணிதம் இரண்டில் தவறினால் அதன்பின் வரும் நான்கு பாடங்களும் ஆட்டம் காணும். மேலும், ஒரு பாடம் ஆண்டுக்கு ஒருமுறையே நடத்தப்படுமாயின், மீண்டும் வகுப்பில் கற்க இரண்டு பருவங்கள் காத்திருக்க நேரிடும். தவறிய பாடத்தை நிலுவையில் வைத்துக்கொண்டு மேற்பாடத்திற்குச் செல்லத் தேர்வு விதிகள் பெரும்பாலும் இடமளிக்கலாம். ஆனால், வகுப்பில் அமர்வது வேறு. பாடத்தைப் பின்தொடர்வது வேறு. நிகழ்தகவு அறியாதவர் தரக்கட்டுப்பாட்டு வரைபடத்தில் கோடுகளை மட்டுமே காண்பார்.

பட்டயப் படிப்பிலிருந்து வருவோர்

இக்கணக்கு யாரை மிகுதியாகப் பாதிக்கிறது என்பதை அலுவலர்கள் கவனித்தல் நலம். பாலிடெக்னிக்கில் மூன்றாண்டுப் பட்டயம் பெற்றவர்கள், நேரடியாக இரண்டாம் ஆண்டில், அதாவது மூன்றாம் பருவத்தில் சேர்கின்றனர். செயல்திட்டப் பணிக்கு முன் அவர்களுக்கு நான்கு பருவங்களே உண்டு. கணிதத் தொடரிலோ ஆறு நிலைகள். இரண்டு நிலைகளுக்கான இடைவெளி தொடக்கத்திலேயே ஏற்பட்டுவிடுகிறது. இதனை உணர்ந்தே விசுவேசுவரையா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இம்மாணவர்களுக்கெனக் கூடுதல் கணிதப் பாடங்களை வகுத்தது. எனினும் அவை வழக்கமான சுமையின் மீது ஏறும் சுமையே.

இவர்களுக்கு ஓர் அனுகூலமும் உண்டு. வரைபடமும் உற்பத்தி முறைகளும் இவர்கள் முன்னரே கையால் செய்து கற்றவை. பட்டறைத் தொடரில் எஞ்சியவை இரண்டு பாடங்களே. அங்கு இரண்டு பருவத் தளர்வு இருக்கிறது. அத்தளர்வில் கிடைக்கும் நேரத்தைக் கணிதத்திற்குத் திருப்புவதே இவர்கள் செய்யத்தக்க திட்டம். பட்டயத் தேர்வு முடிந்து கல்லூரி திறக்கும் வரையுள்ள மாதங்களும் பயன்படும். இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் 2003 முதல் இணைந்து வழங்கிவரும் காணொளிப் பாடங்களில் இவ்வடிப்படைகள் உள்ளன. பல மாணவர்களின் குடும்பங்களுக்கு, ஓராண்டு கூடுதலாகப் படிப்பது என்பது கட்டணம் மட்டுமன்று. ஓராண்டு ஊதிய இழப்பும் ஆகும். பொருளியலார் வாய்ப்புச் செலவு என்று கூறுவது இதனையே.

சுமையில் சிறிது இடம்

விரைந்து முடிக்க எண்ணி, ஒரே பருவத்தில் இயன்ற மட்டும் பாடங்களைத் திணிப்போரும் உளர். வரிசைக் கோட்பாடு இவர்களுக்கு ஒரு பாடம் கற்பிக்கிறது. ஒரு சாளரத்தில் மணிக்குச் சராசரி 10 பேருக்குப் பணி செய்யலாம் எனக் கொள்வோம். வருகையும் பணி நேரமும் தற்செயலாக மாறும் எளிய வரிசையில், மணிக்கு 8 பேர் வந்தால் ஒருவர் அங்குச் செலவிடும் சராசரி நேரம் 30 நிமிடம். 9 பேர் வந்தால் அது 60 நிமிடமாகிறது. வருகை எட்டில் ஒரு பங்கே உயர்ந்தது, நேரமோ இரட்டித்தது. 

மாணவரின் உழைப்பு இதற்கு முழுமையாக ஒப்பாகாது. ஆயினும், காய்ச்சலுக்கும் குடும்ப நிகழ்ச்சிக்கும் இடமின்றி வகுத்த அட்டவணை முதல் தடங்கலிலேயே குலைந்துவிடும். ஆகவே நெருக்கடிப் பாதைப் பாடம் கடினமாக அமையும் பருவத்தில், விருப்பப் பாடங்களையும் இணையவழிப் பாடங்களையும் குறைத்துக்கொள்வது அறிவுடைமை.

முடிவிலிருந்து தொடக்கம்

திட்டத்தை வரையும்போது கடைசிப் பருவத்திலிருந்து பின்னோக்கி வருதல் எளிது. ஆலை அமைவில் பணியாற்ற விரும்புபவர், பீனியா அல்லது ஓசூர் தொழிற்பேட்டைகளில் உள்ள சிறு தொழிலகம் ஒன்றில் செயல்திட்டத்தை மேற்கொள்ள எண்ணினால், பணி ஆய்வும் செலவுக் கணக்கும் அதற்கு முன் முடிந்திருக்க வேண்டும். விடுமுறைப் பணிப் பயிற்சியை நான்காம் பருவத்திற்குப் பின் வைத்தால், கற்ற நேர ஆய்வை அங்கே செய்து பார்க்க முடியும். இரண்டாம் பருவத்திற்குப் பின் வைத்தால் வேடிக்கை பார்ப்பதோடு முடியும். மருத்துவமனை, போக்குவரத்து முதலிய சேவைத் துறைகளை நாடுபவர், வரிசைக் கோட்பாடும் உருவகப்படுத்தலும் வலுவாக அமையுமாறு விருப்பப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கலாம்.

கல்வி நிர்வாகம் செய்யத்தக்கவையும் உண்டு. முதலாவதாக, நெருக்கடிப் பாதையில் உள்ள கணிதம், புள்ளியியல் பாடங்களையேனும் ஒவ்வொரு பருவத்திலும் நடத்தினால், ஒருமுறை தவறியவரின் காத்திருப்பு பாதியாகக் குறையும். புதிய கட்டடமோ இயந்திரமோ இதற்குத் தேவையில்லை. ஆசிரியர் நேரத்தைச் சற்று மாற்றிப் பகிர்ந்தால் போதும். இரண்டாவதாக, பட்டயம் பெற்றவர்க்கான இணைப்புக் கணிதத்தைப் பருவம் தொடங்கும் முன்பே சில வாரங்கள் நடத்தலாம். மூன்றாவதாக, சேர்க்கை நாளன்றே ஒவ்வொரு மாணவருக்கும் பாடங்களின் பட்டியலோடு அவற்றின் முன்தேவை வரைபடத்தையும் அளிக்கலாம். அது ஒரே தாளில் அடங்கும்.

நாட்டில் கணினி சார்ந்த படிப்புகளை நாடுவோர் தொகை பெருகிவரும் இந்நாளில், தொழிலகப் பொறியியலுக்கு வரும் மாணவர் ஒவ்வொருவரும் உரிய காலத்தில் உரிய அடிப்படையுடன் பட்டம் பெறுவது, அவர் குடும்பத்திற்கு மட்டுமன்றி, அவரை எதிர்நோக்கும் சிறு தொழில்களுக்கும் நன்மை பயக்கும். புதிதாகச் சேரும் மாணவர்கள், முதற்பருவத்தின் முதல் வாரத்திலேயே தம் கல்லூரியின் பாடத்திட்டத்தை எடுத்து, எந்தப் பாடம் எதற்கு முன்தேவை என அம்புக்குறியிட்டு வரைந்து, துறை ஆசிரியரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்வார்களாக. அதற்கு ஒரு மாலைப்பொழுது போதுமானது.