கொடுத்த பாஸ்போர்ட் செல்லாக்காசு ஆகலாமா?

எங்கள் தெருவில் ஒரு திருநங்கை, துறைமுகத்துக்கு வரும் லாரி டிரைவர்களுக்கு மெஸ் நடத்துகிறாள். வாய் நிறைய, 'அக்கா' என்று என்னைக் கூப்பிடுவாள். போன மாதம் ஒருநாள், எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, விசும்பி விசும்பி அழுதாள்.

விஷயம் இதுதான்... சிங்கப்பூரில் இருக்கும் அவளது தங்கை, 'மாமாவோ, பெரியம்மாவோ... உன் மடியில வெச்சுத்தான் என் குழந்தைக்குக் காது குத்தணும்' என்று கூப்பிட்டிருக்கிறாள். இவளிடம் பாஸ்போர்ட்டும் இருக்கிறது. ஆனால், அதில் இருப்பது பழைய பெயர், மீசை வைத்த போட்டோ! அதைப் பார்த்த ஏஜென்ட் ஒருவர், 'இது செல்லாதும்மா... ஏர்போர்ட்லயே நிறுத்திடுவாங்க' என்று பயமுறுத்தி அனுப்பி விட்டார்.

என் வீட்டுக்காரர் விசாரித்து வந்து, 'பெயரும், பாலினமும் மாறினா, புது பாஸ்போர்ட் கேட்டு விண்ணப்பிக்கலாம்' என்றார். திருநங்கையரை மூன்றாம் பாலினமாக உச்ச நீதிமன்றம் ஏற்றது, 2014ல். அவர்களது உரிமைக்குச் சட்டம் வந்தது, 2019ல். கலெக்டர் தரும் அடையாளச் சான்றும் இவளிடம் உள்ளது.

ஆனாலும் அவளுக்குப் பயம் போகவில்லை. 'இன்னிக்குக் கொடுத்துட்டு, நாளைக்கு செல்லாதுன்னுட்டா என்னக்கா பண்றது?' என்றாள்.

அவள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில், 2025 ஜனவரியில் அதிபர் போட்ட ஒரே உத்தரவால், பிறந்தபோது பதிவான பாலினத்தைத்தான் புது பாஸ்போர்ட்டில் போட முடியும் என்றாகி விட்டது. வழக்கு நடக்கும்போதே அதை அமல்படுத்த, அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் நவம்பரில் அனுமதித்து விட்டது.

நம் ஊரில் அப்படி ஒரு நிலை வரக்கூடாது. பாஸ்போர்ட் மத்திய அரசின் கையில் இருப்பதால், இதைப் பார்லிமென்டில் பேச வேண்டியவர், நம் திருவள்ளூர் தொகுதி எம்.பி.,தான். சட்டமோ, விதியோ எப்படி மாறினாலும், ஏற்கனவே கொடுத்த சான்றும், பாஸ்போர்ட்டும் அதன் காலம் முடியும் வரை செல்லும் என்று உறுதி வாங்கித் தர வேண்டும். பொன்னேரி எம்.எல்.ஏ.,வும் இதற்காகக் கடிதம் எழுதலாமே!

எங்கள் மகளிர் குழுவில் கையெழுத்து வாங்கி, மனு தயார் செய்து விட்டோம். ஓட்டுக் கேட்டு வரும்போது, அவள் வீட்டு வாசலிலும் கைகூப்பி நின்றவர்கள்தானே... அவளுக்காகவும் வாய் திறப்பார்களா?

— ஒரு வாசகி, காட்டுப்பள்ளி.