தங்கம் தீர்ந்தது, ரயில் மிஞ்சியது

கனிம வளம் ஒரு நாட்டைப் பணக்கார நாடாக்கி விடுமா? கோலார் தங்கவயலின் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது.

பெங்களூர் காக்ஸ் டவுனை அடுத்த ஜீவனஹள்ளியை ஒட்டிச் செல்லும் ரயில் பாதையில், தினமும் காலையில் கோலார் தங்கவயலிலிருந்து கூட்டம் வந்து இறங்குகிறது. கட்டட வேலை, காவலாளி வேலை, கடை, கணினி நிறுவனம் என்று கிடைத்த பிழைப்புக்காகச் சுமார் 100 கி.மீ. பயணம். இரவில் அதே பாதையில் வீடு திரும்புகிறார்கள். பெரும்பாலோர் தமிழர்கள். வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்குப் போனவர்களின் வாரிசுகள்.

ஒரு காலத்தில் நிலைமை தலைகீழ். சிவசமுத்திரத்தில் தயாரான மின்சாரம் 1902இல் முதலில் போய்ச் சேர்ந்தது தங்கவயலுக்குத்தான். பெங்களூருக்கு விளக்கு வந்தது 1905இல். ஆனால் ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் தொடங்கிய நவீனச் சுரங்கத் தொழிலின் லாபம் லண்டனுக்குப் போனது. 1956இல் சுரங்கங்கள் அரசுடைமையான பிறகும் தங்கவயல் பெருமளவு தங்கத்தையே நம்பியிருந்தது. பாறையில் தங்கம் குறைந்துகொண்டே போக, 3 கி.மீ. ஆழத்துக்கும் கீழே இறங்கித் தோண்டும் செலவு எகிறியது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது.

சுமார் 120 ஆண்டுகளில் கிடைத்த தங்கம் ஏறத்தாழ 800 டன். 2023-24இல் மட்டும் இந்தியா இறக்குமதி செய்தது கிட்டத்தட்ட அதே அளவு. நான்கு தலைமுறை உழைப்பு, நாட்டின் ஒரு வருட நகை ஆசைக்குச் சரியாகப் போய்விட்டது.

கனிமத்துக்கு இரண்டாவது போகம் கிடையாது. இதைப் புரிந்துகொண்ட நார்வே, எண்ணெய் வருமானத்தைச் சேமிக்க 1990இல் தனி நிதியம் அமைத்தது. வைரத்தால் பள்ளிகளையும் சாலைகளையும் கட்டிய போட்ஸ்வானா 1994இல் அதே வழியில் போனது. ஆனாலும் ஆய்வுக்கூட வைரங்கள் சந்தைக்கு வந்ததும் அதன் வருமானம் ஆட்டம் கண்டது. சேமிப்பு மட்டும் போதாது, மாற்றுத் தொழிலும் வேண்டும் என்பது அதன் பாடம்.

சுரங்கப் பகுதி மக்களுக்காக மாவட்டக் கனிம அறக்கட்டளைகள் அமைக்க இந்தியா சட்டம் கொண்டு வந்தது 2015இல். தங்கவயல் மூடி 14 வருடம் கழித்து. இப்போது அரிய கனிமங்களின் பக்கம் அரசின் பார்வை திரும்பியிருக்கிறது. 2025 ஜனவரியில் அதற்கென ரூ. 16,300 கோடியில் தேசிய இயக்கம் ஒன்றுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தங்கவயலின் 13 சயனைடு மண்மேடுகளிலிருந்து மிச்சத் தங்கத்தை எடுக்க, 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவையும் சம்மதித்தது.

மண்மேட்டில் எத்தனை டன் தேறும் என்று நிபுணர்கள் கணக்குப் போடலாம். தங்கவயல்காரர்களுக்கு வேண்டிய கணக்கு வேறு: இந்த முறை ரயில் ஏறாமல் ஊரிலேயே பிழைக்க எத்தனை பேருக்கு வழி பிறக்கும்? நாட்டின் கனிமக் கனவுகளுக்கும் அதுதான் உரைகல்.